கரையில் கட்டியிருந்த படகின் அழைப்பு

சென்ற வாரம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். தேநீர் நேரத்தில் உங்களில் ஒருவர் கேட்டார்: “சார், பிட்டுகளைச் சேர்த்து பைட்டாக்குறதும், பைட்டைப் பிரிச்சு பிட்டாக்குறதும் முதல் வருஷப் பாடம். அதுல போயி என்ன பெரிய தப்பு வந்துடும்?” அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதில் நீளமானது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இன்று செய்யும் வேலைக்கு ‘சாப்ட்வேர் ரேடியோ’ என்று ஒரு பெயர் இருக்கிறது. ரேடியோவின் பாதி பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டு, அவை செய்த வேலையை ப்ரோக்ராமில் எழுதுகிறீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் தீவின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய நிறுவனத்தில், நாங்கள் நாலு பேர் பெயர் தெரியாமலேயே அதைச் செய்துகொண்டிருந்தோம். “கம்ப்யூட்டருக்குக் காது வைக்கிற வேலை” என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு அது கடைசி வரை விளங்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வேலை இதுதான். சிறிய மீன்பிடிப் படகுகளில் பேசும் ரேடியோ கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டி வைப்போம். பெட்டியில் இரண்டே பட்டன்கள். பச்சையை அழுத்தினால் ‘நலம்’. சிவப்பை அழுத்தினால் ‘உதவி வேண்டும்’. கரையிலிருந்து நாங்கள் ஒரு படகின் எண்ணைக் கூப்பிட்டால் அந்தப் பெட்டியில் விளக்கு மின்னும். அவர்கள் பச்சையை அழுத்திப் பதில் சொல்வார்கள். படகிலிருந்து வருவது மொத்தம் ஏழு பிட்டுகள், அதாவது ஒன்று அல்லது பூஜ்யம் என்ற ஏழு குறிகள். ஆறு பிட்டில் படகின் எண், ஒரு பிட்டில் பச்சையா சிவப்பா என்பது. வழியில் ஏதும் கெட்டுப்போனதா என்று பார்க்க, கூடவே சில சோதனை பிட்டுகள். பிட்டுகள் வந்து சேரும்போதே, பைட்டாக்கும் முன், அந்தச் சோதனை முடிந்துவிடும். சாதாரண ரேடியோ ஒன்று அந்தச் சத்தத்தைப் பிடித்துத் தரும். அதைக் கேட்டு பிட்டுகளாக்கி, பிட்டுகளை பைட்டாகச் சேர்த்து, எண்ணைத் திரையில் காட்டுவது என் ப்ரோக்ராம்.

ஜெலுத்தோங் கடலோரத்தில் மீனவர் சங்கம் ஒன்று தன் கட்டடத்தின் மாடி அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தது. அங்கே கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருந்தவள் புஷ்பா. நிபோங் தெபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பாக்டரியில் ஆறு வருடம் எலெக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கும் டெஸ்டிங் லைனில் இருந்தாள். சோதனை ஓட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது அவளாகக் கைதூக்கி வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எல்லோரையும்போல என்னையும் ‘அண்ணே’ என்பாள்.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தப் படகு எந்தப் பக்கம் போகிறது என்று காலையில் படகோட்டிகளைக் கேட்டு எழுதிக்கொள்வாள். பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பையும் விநாடி வரை குறிப்பாள். “கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பதிஞ்சு வைக்குது. நீ எதுக்குக் கை வலிக்க எழுதுற?” என்று ஒருமுறை கேட்டேன். “அது வந்தத எழுதுது. நான் எனக்குப் புரியாதத எழுதுறேன்” என்றாள். வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் தவறைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் அவள் அந்த நோட்டைக் காட்டினாள். பன்னிரண்டாம் படகிலிருந்து பச்சை வந்திருந்தது. அடுத்த சில விநாடிகளில் நாற்பத்தாறிலிருந்து பச்சை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“நாப்பத்தாறு ஆளக் கேட்டேன்ணே. அவரு அன்னிக்குக் காலையில அமுத்தவே இல்லையாம். ஆனா முப்பத்திநாலு, தான் அமுத்துனேன்னு சொல்றாரு. அது இங்க வரவே இல்ல.”

“மறந்திருப்பாங்க, புஷ்பா. கடல்ல யாரு ஞாபகம் வச்சுக்குறா?” என்றேன். அத்தோடு விட்டேன். என் ப்ரோக்ராமை நான் மேசைமேல் நூறு முறை சோதித்திருந்தேன். படித்தவன் எழுதியதை மீனவர்களின் ஞாபகத்தை நம்பிச் சந்தேகிப்பதா என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தக் காலை வந்தது. சோதனைத் திட்டத்துக்கு ஆதரவு தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, பிற்பகல் இரண்டு மணிக்கு அரசாங்க அதிகாரிகள் மூன்று பேர் வருவதாக இருந்தது. அதற்காக நான் எட்டு மணிக்கே மாடி அறைக்கு வந்து, மேசையைத் துடைத்து, ஒயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பத்து மணிவாக்கில் தென்மேற்கே வானம் கறுத்தது. சுமத்ரா பக்கமிருந்து வரும் அடிகாற்று அது. அரைமணி நேரம்தான் நிற்கும். ஆனால் அந்த அரைமணியில் சின்னப் படகுகளைப் புரட்டிவிடும்.

பத்து பன்னிரண்டுக்கு முப்பத்தாறாம் படகு பச்சை என்று வந்தது. அடுத்த பதினோராவது விநாடி கம்ப்யூட்டர் அலறியது. திரையில் சிவப்பு. ஐம்பத்தைந்து.

புஷ்பா எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். நானும் போய்ப் பார்த்தேன். ஐம்பத்தைந்தாம் படகு எங்களுக்கு நேர் கீழே, துறையில் கட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரரான சீன முதலாளி, எங்களுக்கெல்லாம் ‘தவுக்கே’, கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலிலிருந்தே மலாயில் கத்திக் கேட்டாள். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குக் கொடுத்திருப்பதாக அவர் கையை ஆட்டிச் சொன்னார். பேட்டரி இல்லாத பெட்டி கூப்பிட முடியாது.

எனக்கு வந்தது நிம்மதிதான். “பொய் அழைப்பு. மின்னல் அடிச்சிருக்கும்” என்றேன்.

முந்தைய மாதம் ஒரு படகில் ஐஸ் பெட்டி சரிந்து சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டது. மரின் போலீசின், அதாவது கடல் போலீசின், ரோந்துப் படகு அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தால், ஆட்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று எங்கள் மேனேஜர் எச்சரித்திருந்தார். அவருக்குப் போன் செய்தேன். “படகு கரையில் கட்டியிருக்கிறது என்றால் வேறென்ன யோசனை? ரத்து செய். இரண்டு மணிக்கு இது அவர்கள் கண்ணில் படக்கூடாது” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடமிருந்து அவருக்குப் போன செய்தி அவ்வளவுதான்.

அழைப்பை ரத்து செய்யும் விசைமீது விரல் வைத்தேன். புஷ்பா என் கைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் தன் நோட்டை வைத்தாள்.

“அண்ணே, மின்னல் அடிச்சா சோதனை பிட்டு செக்கிங்ல விழுந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க? இது விழலியே. அப்ப யாரோ அமுத்தியிருக்காங்க.”

“யாரு அமுத்துறது? படகு இங்க கெடக்கு.”

“நம்பரு தப்பா இருக்கலாம். அமுத்துன ஆளு பொய்யா இருக்க முடியாதே.” பிறகு, கொஞ்சம் நிதானமாக, “எங்க லைன்ல ஒரு போர்டு பெயிலாச்சுன்னா, உடனே அதத் தூக்கிப் போட மாட்டோம். அதுக்கு முன்னால அந்த மெஷின்ல எந்த போர்டு ஏறுச்சுன்னு பாப்போம். முன்னால வந்தது ஏதாச்சும் விட்டுட்டுப் போயிருக்கும். இதுக்கு முன்னால வந்தது முப்பத்தாறு. பதினோரு செகண்டு முன்னால” என்றாள். நோட்டைப் புரட்டி அந்தக் கேள்விக்குறியைக் காட்டினாள். “இங்கயும் அப்படித்தான். ஒடனே ஒடனே வந்த ரெண்டு.”

பன்னிரண்டு, முப்பத்து நான்கு, நாற்பத்தாறு. மூன்று வாரம் முன்பு வெறும் எண்களாகத் தெரிந்தவை அப்போது வேறு மாதிரி தெரிந்தன. பன்னிரண்டும் முப்பத்து நான்கும் கூட்டினால் நாற்பத்தாறு. என் ப்ரோக்ராமின் அந்தப் பகுதி கண்முன் வந்து நின்றது. ஒன்று வந்தால் அதற்குரிய கட்டத்தில் ஒன்றை வை. பூஜ்யம் வந்தால் ஒன்றும் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போ. கட்டங்கள் முதலிலேயே காலியாக இருந்தால் அது சரி. நான் அவற்றைக் காலி செய்தது, ஒரு நிமிடம் எந்த அழைப்பும் வராதபோதுதான். மேசையில் சோதித்தவன் நான் ஒருவன். சாவகாசமாக ஒவ்வொரு பெட்டியாக அழுத்தினேன். ஒரே நிமிடத்துக்குள் இரண்டு படகுகள் கூப்பிட்டதே இல்லை. கடலில் கூப்பிடுகிறார்கள். முதல் படகின் ஒன்றுகள் அழியாமல் அப்படியே கிடக்க, இரண்டாவது படகின் ஒன்றுகள் அவற்றின்மேல் போய் உட்கார்ந்தன.

ஒரு தாளை எடுத்து, அவளுக்கும் விளக்கிக்கொண்டே, இரண்டு எண்களையும் ஒன்று, பூஜ்யமாக எழுதினேன். கட்டங்களின் மதிப்பு இடமிருந்து 32, 16, 8, 4, 2, 1.

முப்பத்தாறு: 100100
ஐம்பத்தைந்து: 110111

முப்பத்தாறின் இரண்டு ஒன்றுகள் ஏற்கெனவே கட்டங்களில் இருந்தவை. மீதி மூன்று ஒன்றுகள் கட்டாயம் அழைத்த படகுடையவை. அந்த மூன்று மட்டும் என்றால் பத்தொன்பது. ஏற்கெனவே இருந்த இரண்டு கட்டங்களிலும் அந்தப் படகுக்கும் ஒன்று இருந்ததா, இல்லையா? அதைச் சொல்ல வழியில்லை. ஆகவே நான்கு விடைகள்: பத்தொன்பது, இருபத்து மூன்று, ஐம்பத்தொன்று, ஐம்பத்தைந்து.

“செவப்பும் அப்படி ஒட்டிக்கிட்டு வந்ததா இருக்குமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. முப்பத்தாறு அனுப்பியது பச்சை, பச்சைக்குப் பூஜ்யம். சிவப்பின் ஒன்று அதிலிருந்து வந்திருக்க முடியாது.

“இல்ல. செவப்பு நெசம்” என்றேன்.

ஐம்பத்தைந்து துறையில். ஐம்பத்தொன்றின் பெட்டியைப் பழுது பார்க்க நானே கழற்றிப் போய் பாயான் லெப்பாஸில் என் மேசைமேல் வைத்திருந்தேன். மிச்சம் இரண்டு. நோட்டில் இருந்தது: பத்தொன்பது, மலாய் மீனவர் பாக் மானும் அவர் தம்பியும், கெண்டித் தீவுப் பக்கம். இருபத்து மூன்று, ரீமாவ் தீவுக்குக் கிழக்கே. இரண்டும் தெற்கே, ஆனால் ரீமாவைத் தாண்டியதும் பத்தொன்பதுக்கு மேற்கே, வலப்பக்கம், திரும்ப வேண்டும், மற்றதுக்குக் கிழக்கே.

அப்போது நான் இரண்டாவது தவறைச் செய்யப் போனேன். “பத்து நிமிஷம் குடு. மெஷின நிறுத்திட்டு இத சரி பண்ணிடுறேன். ஒரே ஒரு வரிதான்” என்றேன்.

“இப்ப வேணாம்ணே! நிறுத்துனா அந்தப் பத்து நிமிஷத்துல வேற யாராச்சும் கூப்பிட்டா? அது தப்பா சொல்லும்னு இப்ப நமக்குத் தெரியுமே. எப்படித் தப்பா சொல்லும்னும் தெரியும். போதும்லா.”

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்குத் தவறு கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. திருத்தினால்தான் மானம் திரும்பும் என்று தோன்றும். அந்த நேரத்தில் என் மனம் படகில் இல்லை, ப்ரோக்ராமில் இருந்தது. அவள் மனம் படகிலேயே இருந்தது.

அவள் மரின் போலீசைப் போனில் கூப்பிட்டாள். முந்தைய மாதம் வீணாக அலைந்த அதே அதிகாரி எடுத்தார். போன் குரல் எனக்கும் கேட்டது. எந்தப் படகு என்று அவர் கேட்டார். இரண்டில் ஒன்று என்று அவள் மலாயில் சொன்னாள். அவர் எரிச்சலானார். அவள் குரலை உயர்த்தவில்லை. “துவான், ரீமாவ் வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே வழிதானே. நீங்க இப்பவே கெளம்பிடுங்க. ரீமாவ் போய்ச் சேர்றதுக்குள்ள இடமா வலமான்னு நான் சொல்லிடுறேன். சொல்லலைன்னா என் பேர எழுதிக்குங்க” என்று சொல்லித் தன் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். மறுமுனையில் அவர் யாருக்கோ கட்டளையிடும் குரல் கேட்டது.

“பத்தொம்பதக் கூப்பிடு” என்றேன்.

“மொதல்ல இருபத்திமூணு.”

“ஏன்?”

“பத்தொம்பது பதில் சொல்லலைன்னா நமக்கு என்ன தெரியும்? தூரம் அதிகம், மழை, ஆளு கை வேலையா இருப்பாரு, ஆயிரம் காரணம். இருபத்திமூணு பதில் சொன்னாருன்னா சந்தேகமே இல்ல. அவரு எப்பக் கூப்பிட்டாலும் ஒடனே அமுத்துற ஆளு.”

அவள் விசையைத் தொடப்போகும்போது எட்டாம் படகிலிருந்து பச்சை வந்தது. காற்றுக்கு ஒதுங்கிய படகு ஒன்று தன் நலத்தைச் சொல்கிறது. அவள் கையை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் போக வேண்டும். இல்லாவிட்டால் எட்டும் இருபத்து மூன்றும் கலந்து முப்பத்தொன்று என்று காட்டும்.

“கலந்தாலும் நான் கணக்குப் போட்டுப் பிரிச்சுடுவேன்” என்றேன்.

“கணக்கு வேணாம்ணே. சந்தேகமில்லாத ஒரு பதில் வேணும்.”

மழை ஜன்னலை அறைந்தது. எங்கள் தீவுக்கு எதிரே இருந்த பெருநிலம் மறைந்துபோனது. நாற்பது விநாடி ஆகியிருக்கும். பன்னிரண்டாம் படகு பச்சை. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் கடிகாரத்தையே பார்த்தபடி நின்றாள். ரோந்துப் படகு எப்படியும் ரீமாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் காத்திருந்த நேரம் யாருடைய நேரத்தையும் தின்னவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவளுக்கு அப்போதே தெரியும்.

நிமிடம் முடிந்தது. இருபத்து மூன்றைக் கூப்பிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விநாடி. திரையில் இருபத்து மூன்று, பச்சை.

அவள் போனை எடுத்தாள். “துவான், வலது பக்கம். கெண்டி. ரெண்டு பேரு.” போனை வைத்த பிறகுதான் பத்தொன்பதைக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். திரை அப்படியே இருந்தது.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. போன் மணி அடித்தபோது அவள்தான் எடுத்தாள். “ரெண்டு பேருமா?” என்று கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு பாக் மானும் தம்பியும் மிதந்துகொண்டிருந்தார்களாம். தம்பிக்குக் கை உடைந்திருந்தது. அவரைத் தன் இடுப்புத் துணியால் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தார் அண்ணன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தம்பி தாங்கியிருக்க மாட்டார் என்று ரோந்துப் படகில் போனவர்கள் சொன்னார்கள்.

இரண்டு மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே எட்டியிருந்தது. மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, “இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது” என்றார். நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். ப்ரோக்ராம் தப்பான எண்ணைக் காட்டியது, அந்தத் தவறு என்னுடையது, மூன்று வாரத்துக்கு முன்பே புஷ்பா காட்டிக்கொடுத்தும் நான் கேட்கவில்லை, இன்று அவள் தடுத்திராவிட்டால் அழைப்பை நானே ரத்து செய்திருப்பேன். “காலையில் நான்தானே ரத்து செய்யச் சொன்னேன்” என்றார் அவர். பிறகு, “உள்ளே போய் இதையே சொல்” என்றார். சொன்னேன். வந்தவர்கள் மெஷினைப் பற்றிக் கேட்டது கொஞ்சம். புஷ்பாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்ததுதான் அதிகம். தவறைத் திருத்தி, அவள் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகு திட்டம் தொடரலாம் என்று முடிவானது.

திருத்தம் ஒரே வரி. புதிய அழைப்பு தொடங்கும்போது கட்டங்களைக் காலி செய். அதை எழுத ஒரு நிமிடம் ஆகவில்லை. அவள் சோதிக்க எடுத்துக்கொண்டது மூன்று நாள். இரண்டு கைகளிலும் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நேரத்தில், ஒன்று முடியும் முன் மற்றொன்று என்று எல்லா விதத்திலும் அழுத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் இன்னொரு தவறையும் கண்டுபிடித்தாள். அந்த முறை நான் வாதாடவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த ப்ரோக்ராமும், அதை இயக்கப்போகிறவர் கையால் சோதிக்கப்படாமல் வெளியே போனதில்லை. என் வேலையில் நான் பெருமைப்படும் ஒரு பழக்கம் உண்டென்றால் அது இதுதான். அதுவும் என்னுடையதல்ல.

பாக் மான் பத்து நாள் கழித்து வந்தார். சிவப்பு மீன் இரண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். நேராக என்னிடம் வந்து, கம்ப்யூட்டரைக் காட்டி, நல்ல மெஷின், நல்ல மெஷின் என்று மலாயில் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“பாக் மான், மெஷின் உங்க நம்பரச் சொல்லல. அம்பத்தஞ்சுன்னு சொல்லுச்சு” என்றேன்.

அவர் குழம்பினார். “அம்பத்தஞ்சா? அது தவுக்கே படகாச்சே. அன்னிக்கு அவரு கடலுக்கே போகலியே.”

“ஆமா.”

“அப்ப பத்தொம்பதுன்னு யாரு சொன்னது?”

நான் புஷ்பாவைக் காட்டினேன். அவர் மீன் பையைத் தரையில் வைத்தார். அவள் பக்கம் திரும்பி, வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைத் தாழ்த்தி நின்றார். அந்த வயதுக்காரர் அப்படி நின்றதைப் பார்த்து அவள் பதறிப்போய் எழுந்துவிட்டாள். தம்பியின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கட்டுப் போட்டிருக்கிறது, அடுத்த மாதம் அவிழ்ப்பார்கள் என்றார்.

“உங்க பெட்டி தண்ணியில ஊறியிருக்கும்” என்றாள் அவள். “கொண்டாந்து குடுங்க. நான் செக் பண்ணித் தந்த பொறகு கடலுக்குப் போங்க.”